ஞாயிற்றுக்கிழமை திறக்காத சூளை

2007 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நீங்கள் எல்லோரும் நம் சபையில் ஆராதனையில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், நான் தொழிற்பேட்டையில் ஒரு சூளையின் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். என் எதிரே மரியாளும் யோசேப்பும் மேய்ப்பர்களும் விரிசல் விட்டுக் கிடந்தார்கள். நூறு செட் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். ஒன்றுகூடத் தேறவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

என் பெயர் எஸ்தர். ஊர் விருத்தாசலம். என் வீட்டுக்காரர் பதினான்கு வருஷம் பீங்கான் கம்பெனியில் மண் அரைத்தவர். தூசி நெஞ்சில் இறங்கி மூச்சு வாங்க ஆரம்பித்ததும், இனி அந்த வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டில் வைத்து, எங்கள் ஊர்ப் பீங்கான் பொம்மைகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டேன். அவரும் நானும் முழங்காலில் நின்று ஜெபித்துத்தான் அந்தத் தொழிலைத் தொடங்கினோம்.

ஆண்டவர் கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். வெளியூர்களிலிருந்து ஆர்டர் வந்தது. வண்ணம் தீட்ட ஐந்து பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போனது. ஒரு மெயிலுக்குப் பதில் போட்டுவிட்டுப் போகலாமே என்று முதலில் ஆராதனைக்குத் தாமதமாக வந்தேன். அப்புறம் பிரசங்க நேரத்துக்கு மட்டும் வந்தேன். அப்புறம் வரவே இல்லை. வீட்டுக்காரர் மகளை மட்டும் அழைத்துக்கொண்டு வருவார். ஜெபத்தில் கேட்டு வாங்கிய தொழில்தானே, ஆண்டவருக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்படியே எட்டு மாதம் ஓடியது.

அப்போதுதான் மலேசியாவில் கடை வைத்திருக்கும் ஒரு தமிழர் நூறு செட் குடில் கேட்டார். அதுவரை எங்களுக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர். திங்கட்கிழமை லாரி ஏற்றினால்தான் சென்னையில் கப்பலைப் பிடிக்க முடியும். பொம்மைகள் சனிக்கிழமை இரவுதான் வெந்து முடிந்தன. சூளை ஆற திங்கள் காலை ஆகும் என்றார் அதைப் பார்த்துக்கொள்ளும் முருகேசன் அண்ணன். நான் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் நின்றேன். திறந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"சூட்டுல காத்து பட்டா மொத்தமும் போயிடும்மா. மழ வேற பெய்யுது," என்றார்.

"நான் பாத்துக்கறேன்ணே. நீங்க தொறங்க."

கதவு ஒரு சாண் திறந்தது. ஈரக்காற்று உள்ளே போனது. டிக், டிக் என்று உள்ளே சத்தம் கேட்டது. அவர் சட்டென்று கதவைச் சாத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சத்தம் அடங்கியதும் முழுக்கத் திறந்து, கம்பியால் ஒவ்வொன்றாக இழுத்து என் முன்னால் வைத்தார்; எல்லாவற்றிலும் விரிசல்.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் ஆராதனை முடிந்து வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அழுதது போதும் எஸ்தரு. வா, முட்டி போடுவோம். மொதல்ல மன்னிப்பு கேப்போம். பொம்மையப் பத்தி அப்பறம் கேக்கலாம்," என்றார்.

எட்டு மாதத்துக்குப் பிறகு மனம் விட்டு ஜெபித்தேன். சூளை பழுதாகிவிட்டது என்று மலேசியாக்காரருக்கு எழுதலாமா என்ற எண்ணம் அதுவரை இருந்தது. எழுந்தபோது அந்த எண்ணம் போயிருந்தது. தவறு என்னுடையது, இரண்டு வாரம் தர முடியுமா என்று உள்ளதை எழுதி அனுப்பினேன்.

திங்கட்கிழமை பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை வந்தது. கப்பல் பதினைந்து நாள் தள்ளிப் போய்விட்டதாம். வெள்ளிக்கிழமையே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தாராம். நான் அடம்பிடித்துச் சூளையைத் திறந்த அன்றைக்கு, அவசரம் என்பதே இல்லாமல் போயிருந்தது! அதைப் படித்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே அழுதோம்.

மறுபடி அச்சில் வார்த்து, மழையில் காயாதவற்றை மின்விசிறியில் காயவைத்து, வண்ணம் தீட்டினோம். அந்த ஐந்து பெண்களும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் இந்த முறையும் வேக்காடு சனிக்கிழமைதான் முடிந்தது. இந்த முறையும் லாரி திங்கள் மதியம்தான். ஞாயிறு சாயங்காலம் வேண்டுமானால் திறந்து பார்க்கலாம் என்று முருகேசன் அண்ணனே சொன்னார். வேண்டாம் என்றேன்.

அந்த ஞாயிறு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தேன். நடந்ததைக் கேட்டு நீங்கள் எனக்காக எழுந்து நின்று ஜெபித்தீர்கள். அப்போது என் நெஞ்சுக்குள் இறங்கிய அமைதியை இன்றைக்கும் என்னால் சொல்லி முடிக்க முடியாது.

திங்கள் விடியற்காலை உங்களில் எட்டுப் பேர் பழைய செய்தித்தாளும் கயிறுமாகத் தொழிற்பேட்டைக்கே வந்துவிட்டீர்கள். கதவு திறந்தது. சத்தமே இல்லை. அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். "நல்லா இருக்குதும்மா, எல்லாமே," என்றார். ஒரே ஒரு ஆட்டுக்குட்டியின் காது மட்டும் உடைந்திருந்தது. மூன்று மணிக்கு லாரி கிளம்பியபோது நாம் எல்லோரும் தெருவில் நின்று ஸ்தோத்திரம் சொன்னோம்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பதில் வராது, திங்கள் காலை எழுதுவோம் என்று எங்கள் இணையப் பக்கத்தின் மேலேயே போட்டுவிட்டோம். ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மற்ற எல்லோரும் இருக்கிறார்கள். மலேசியாக்காரர் அடுத்த வருஷம் இரண்டு மடங்கு கேட்டார். என் வீட்டுக்காரர் இப்போது மூச்சு வாங்காமல் கணக்கும் பார்சலும் பார்த்துக்கொள்கிறார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வேலைக்கு வரும் செல்வி நம் சபை இல்லை. அவளே போன வாரம் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம புள்ளைங்களோட வூட்ல இருக்கறது நல்லா இருக்குதுக்கா."

கடை வைத்திருக்கிறவர்களே, செல்போனை அணைக்கப் பயப்படுகிறவர்களே, அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஒரு ஞாயிறு மட்டும் ஆண்டவரை நம்பிப் பூட்டிவிட்டு வாருங்கள். திங்கட்கிழமையை அவர் பார்த்துக்கொள்வார். எனக்குப் பார்த்துக்கொண்டார்.