அம்மா படம் இல்லாத மேடை

அம்மா இறந்த ஏழாவது மாதம் தங்கைக்குக் கல்யாணம். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் நடந்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா எதைக் கேட்டாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதனால் முழு வேலையும் மூத்தவள் என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் சங்கடமே இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதபோது, காபிக்குப் பால் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

எங்கள் ஊர்களில் வரவேற்பு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே நடந்துவிடும். எங்களால் முடிந்தது விரலுக்குத் தகுந்த வீக்கம்தான். தங்கைக்கோ போனில் பார்த்த மாதிரி நறுவிசாக இருக்க வேண்டும். முடியும் என்றேன். தர்மபுரியின் பெரிய மண்டபங்களை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த சின்ன மண்டபம் ஒன்றைப் பிடித்தேன். தெர்மாகோல் மயில், நிறம் மாறும் விளக்கு எல்லாம் வேண்டாம். பின்னால் சந்தன நிறத் துணி, அதில் வெள்ளைச் சாமந்தி மட்டும். பூவைத் தோட்டத்துக்காரரிடமே பேசி வாங்கி, சொந்தக்காரப் பெண்களை உட்கார வைத்துக் கட்டச் சொன்னேன். இருபது வகை பரிமாறிப் பாதியை இலையோடு மூடுவதற்குப் பதில் எட்டே வகை, எட்டும் சூடாக.

"மேடையில ஒரு ஓரமா அம்மா படம் வெக்கலாமாக்கா?" என்று தங்கை கேட்டாள்.

"மாலை போட்ட படத்தப் பாத்தா வர்றவங்கெல்லாம் உச்சுக் கொட்டுவாங்க. வூட்டுலயே இருக்கட்டும்."

நான் அடுத்து ஐஸ்கிரீம் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

பத்திரிகையையும் குறைவாகத்தான் அடித்தோம். நேரில் போய் வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து அழைக்க வேண்டியவர்களுக்கு மட்டும் அச்சு, மற்றவர்களுக்கு வாட்ஸ்அப். யார் யார் எதில் என்பதற்கு, என் கல்யாணத்தின்போது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் மாமா பெயர் அதில் இல்லை. அம்மாவுடைய ஒரே தம்பி அவர். கூடப்பிறந்தவனை எழுதி வைத்தா ஞாபகப்படுத்திக்கொள்வார்கள்? தட்டை எடுத்துக்கொண்டு முதலில் போகிற வீடே அதுதான். இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. நோட்டில் இல்லாதவர்களோடு சேர்த்து அவருக்கும் போனிலேயே அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்த மாமா வீட்டு அத்தை போனில் கூப்பிட்டார். "ஏம்மா, போன்ல என்னமோ வந்துச்சி. கல்யாணப் பத்திரிகையா, கரண்டு பில்லான்னு உங்க மாமா கேக்கறாரு."

தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலை போடாமல் எங்களில் பெண்ணை மேடை ஏற்ற மாட்டார்கள். அதைவிட, அம்மாவோடு கூடப்பிறந்தவர் என்று தங்கைக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் தட்டோடு பஸ் ஏறினோம். மாமா அப்பாவை "வாங்க மாமா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தப்பு என்னுதுதான் மாமா. விட்டுப்போச்சி" என்று தட்டை நீட்டினேன்.

"எங்கக்கா இருந்திருந்தா விட்டுப்போயிருக்குமா?"

தட்டை வாங்கிக்கொண்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அப்பா, "வருவானா?" என்றார். வராவிட்டால் ஒன்றுவிட்ட மாமா ஒருவரை நிற்க வைக்கலாம் என்றேன், சமையல்காரர் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பது போல. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரவேற்பன்று மண்டபம் நான் நினைத்தபடியே இருந்தது. "செலவே தெரியல, ஆனா என்னா அழகு" என்று வந்தவர்கள் சொன்னார்கள். நன்றி சொன்னேன், சந்தோஷமாக ஒன்றும் இல்லை. மணி ஏழு ஆயிற்று. மாப்பிள்ளை வந்து மேடையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். "பொண்ணோட மாமா எங்கீங்க?" என்று அவர்கள் வீட்டில் கேட்டார்கள். வந்துகொண்டிருக்கிறார் என்று கூசாமல் பொய் சொன்னேன். மணமகள் அறைக்குள் தங்கை, மாமா வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஏழேகாலுக்கு மாமாவும் அத்தையும் வந்தார்கள், பின்னால் சொந்தக்காரர்கள் கையில் சீர்த்தட்டுகள். தேங்காய், பழம், மாலை, தங்கைக்கு ஒரு பட்டு. மாமா கையில் மட்டும் தனியாக ஒரு தட்டு. அதில் அரக்கு நிறத்தில் இன்னொரு பட்டு.

"இது உங்கம்மாளுக்கு" என்றார். "கூடப் பொறந்தவளுக்குப் பொடவ எடுக்காம மாமன் சீரு எப்புடி வெக்கறது? அக்கா படம் எங்க? முன்னால வெக்கணும்."

"வூட்டுல இருக்குது மாமா. மேடைக்கு நல்லா இருக்காதுன்னு நான்தான் வெச்சிட்டு வந்துட்டேன்."

அவர் திட்டவில்லை. மேடையைப் பார்த்தார். வெள்ளைச் சாமந்தியைப் பார்த்தார். பிறகு தட்டை என் பக்கம் நீட்டினார். "அப்ப நீ வாங்கிக்கம்மா."

தண்ணீர் கேன் முதல் செருப்பு விடும் இடம் வரை அந்த மண்டபத்தில் எல்லாவற்றுக்கும் நான் இடம் குறித்திருந்தேன். அந்தப் புடவையை எங்கே வைப்பது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் வாங்கினேன். ஏழு மாதமாக வராத அழுகை, அத்தனை பேருக்கு நடுவில், சத்தமாக வந்தது.

"பட்டு மேல தண்ணி வுடாதம்மா, கறை புடிச்சிக்கும்" என்று அத்தை தட்டைப் பிடித்து இழுத்தார். நான் கொடுக்கவில்லை.