சிவப்புப் பொட்டு வைத்த தட்டு

என் டைரியில் ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமைக் குறிப்பு இது: “ஏ ஷிப்ட். பேராசிரியர் சொன்னது தவறு. நம் கேன்டீனில் ஒரு வாரம் சோதித்தாயிற்று.”

பேராசிரியர் என்பவர் கடலுக்கு அப்பால் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் நடத்துகிறவர். அவருடைய வகுப்புகளை அந்தப் பல்கலைக்கழகமே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அவருக்கு என்னைத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த உதாரணத்தைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்திருப்பார்.

ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். வீடு குருபரப்பள்ளியில். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும்: ஏ என்றால் காலை, பி என்றால் மாலை, சி என்றால் இரவு. மனைவி வேறொரு கம்பெனியில் நிரந்தரமாக ஜெனரல் ஷிப்ட். காலையில் போய் மாலையில் திரும்புவாள். ஆகவே மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் இரவில் நாங்கள் சேர்ந்து சாப்பிடுவோம். எங்கள் தொழிற்சாலையின் கணினிப் பிரிவுக்கு உள்ளிருந்தே ஆள் எடுப்பதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். டிகிரி கட்டாயமில்லை, அடிப்படை தெரிந்தால் போதும், நேர்காணல் உண்டு. கடைசி வரியில் ‘ஜெனரல் ஷிப்ட்’ என்று இருந்தது. கணினி அறிவியலில் எனக்கு ஆர்வம் பிறந்தது அந்தக் கடைசி வரியில்தான்.

“கம்ப்யூட்டர் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். ராத்திரி சோறு ஒண்ணா தின்னா போதுங்க” என்றாள் மனைவி.

படிப்பு கம்பெனி பஸ்ஸில் நடந்தது. சூளகிரி பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும். ஓசூரை நெருங்கினால் போன் தன்னைக் கர்நாடகத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அதனால் ஞாயிற்றுக்கிழமையே வகுப்புகளை இறக்கி வைத்துக்கொள்வேன். அடுத்த வியாழக்கிழமை விடுமுறை என்று பேராசிரியர் ஒரு வகுப்பில் அறிவித்தார். அந்த வியாழன் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். இருந்தாலும் வந்த வியாழனன்று நானும் வகுப்பைத் திறக்கவில்லை. மாணவன் என்றால் முறை என்று ஒன்று இருக்கிறது.

பக்கத்து இருக்கையில் வருபவர் எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், பாய். என் படிப்பை மேற்பார்வை பார்த்தவர் அவர்தான்.

“என்னண்ணா, வாத்தியாரு இன்னிக்கு என்ன சட்ட?”

“நீலம்.”

“நேத்தும் நீலந்தானே?”

“அதே வகுப்புதான் பாய். புரியல, மறுபடி பாக்கறேன்.”

“பாவம்ணா அந்த மனுசன். எத்தன வாட்டிதான் சொல்வாரு!”

பிரச்சினை ஸ்டாக், அதாவது அடுக்கு, என்ற பாடத்தில் வந்தது. கடைசியாக வைத்தது முதலில் வெளியே வரும், அதுதான் ஸ்டாக். உதாரணம், உணவகத்தில் அடுக்கிய தட்டுகள். கழுவியதை மேலே வைப்பார்கள், அடுத்து வருகிறவர் அதையே எடுப்பார். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. எங்கள் தொழிற்சாலையில் முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும். ஸ்டோர் வாசலில் பலகையே மாட்டியிருக்கிறது. தணிக்கைக்கு வருகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அதைப் பார்ப்பார்கள். பேராசிரியர் சொல்வது சரியென்றால் அடித் தட்டு என்றைக்குமே வெளியே வராதே! ஆனால் எங்கள் கேன்டீனில் அடித் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேல் தட்டில் இருந்த அளவு கீறல் அதிலும் இருந்தது.

தட்டு கழுவும் அக்காவிடம் கேட்டேன்.

“அக்கா, கழுவுன தட்ட எங்க வெப்பீங்க?”

“மேலதான் சார். வேற எங்க வெப்பாங்க? ஏன் சார், கம்ப்ளெய்ன்ட் வந்துச்சா?”

வாய்மொழி ஆதாரம் ஆகாது என்பது தரப் பிரிவின் பாலபாடம். அடுத்த திங்கட்கிழமை நான் சாப்பிட்ட தட்டின் விளிம்பில், சட்டைப் பையில் இருந்த பெயின்ட் மார்க்கரால் ஒரு பொட்டு வைத்துக் கழுவப் போட்டேன். ஸ்டாக் என்றால் அது கழுவி மேலே வந்து யார் கையிலாவது இருக்க வேண்டும். அந்த வாரம் முழுவதும் அது ஒருவர் கையிலும் இல்லை. சாப்பாட்டுக்குப் போகும்போதெல்லாம் அடுக்கின் அடியில் கிடந்தது. சனிக்கிழமை பேராசிரியரின் கதை முடிந்தது.

நேர்காணல் எடுத்தவர் கணினிப் பிரிவு மேலாளர். பெங்களூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருகிறவர். முதல் சில கேள்விகள் நன்றாகவே போயின.

“ஸ்டாக்குக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க.”

“எல்லாரும் கேன்டீன் தட்டுன்னு சொல்வாங்க சார். ஆனா நம்ம கேன்டீன் தட்டு ஸ்டாக் இல்ல.”

பேனாவைக் கீழே வைத்தார். “யார் சொன்னா?”

“நானே சோதிச்சேன் சார்.” முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“பொட்டு எதால வெச்சீங்க?”

“பெயின்ட் மார்க்கர் சார். கழுவுனாலும் போகாது.”

“என்ன கலர்?”

“செவப்பு.”

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் சிவப்புப் பொட்டு என்றால் கழிவு. எடுக்கக் கூடாது, ஒதுக்கி வைக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான்.

“நம்ம ஆளுங்க ரிஜெக்ட் மார்க் போட்டதுல சோறு திம்பாங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அடுத்த ஆளை வரச் சொன்னார்.

பஸ்ஸில் பாயிடம் விசாரித்தேன்.

“அந்தத் தட்டாண்ணா? மேல வந்துச்சுன்னா நானே அடியில சொருகிட்டு வேற எடுப்பேன். எல்லாருந்தான் சொருகறாங்க. எந்த மடையன் மார்க் பண்ணானோ!”

“நான்தான்.”

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், “வாத்தியாரு பண்ணச் சொன்னாராண்ணா?” என்றார்.

வீட்டில் அவ்வளவு கனிவு இல்லை. “எல்லாரும் தட்டுன்னு சொன்னா நீங்களும் தட்டுன்னு சொல்லிட்டு வரலாமில்ல? ஒரு தட்டுக்காக என் ராத்திரி சோத்துல மண்ணப் போட்டுட்டு வந்திருக்கீங்க” என்றாள். அடுத்த வாரம் பி ஷிப்ட். நான் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள்.

சனிக்கிழமைக் குறிப்பை நான் அடிக்கவில்லை. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. கீழே எழுதினேன்: “பேராசிரியர் சொன்னது சரி. மேற்படி சோதனை செல்லாது. சோதித்தவனே முடிவைக் கெடுத்திருக்கிறான்.”

ஐப்பசியில் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். நிரல் எழுதும் வேலைக்கு வேறொருவரை எடுத்தாயிற்று. பிறர் எழுதிய நிரல்களில் பிழை பார்க்கும் இடம் ஒன்று காலியாக இருந்தது.

“தட்டுன்னு சொல்லாத ஆளே இல்ல. போய்ப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்” என்றார். மகிழ்வதற்குள் சேர்த்துச் சொன்னார்: “தப்பா பாத்தீங்க. இனிமே ஆளுங்க கைய பாருங்க. அடுக்க மட்டும் பாக்காதீங்க.”

ஜெனரல் ஷிப்ட்தான். இங்கேயும் திரையில் தவறான வரிகளுக்குச் சிவப்புக் குறி போடுவதுதான் என் வேலை. அவற்றையும் எவரும் தொட விரும்புவதில்லை. இரவில் சேர்ந்து சாப்பிடுகிறோம். சாப்பிட்டபின் தட்டுகளைக் கழுவி அடுக்குவது நான். மேலே வைக்கிறேனா அடியில் வைக்கிறேனா என்று அவள் அவ்வப்போது எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அந்தத் தட்டு என்ன ஆயிற்று என்றும் ஒருநாள் கேட்டாள். பாய் சொல்வது இது: யாரும் எடுக்காததால் கேன்டீன் அக்கா அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டார், கூட்டம் முடிந்தபின் தினமும் அதில்தான் சாப்பிடுகிறார். ஜெனரல் ஷிப்ட்காரர்களுக்கு இப்போது சாப்பாடு அலுவலக மாடியில். அக்கா சாப்பிடும் நேரத்தில் நான் கீழே போனதில்லை. பாய் சொன்னதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. இந்தத் தகவல் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.