பத்து மாத வீடு

மெத்தையின் மூலையைத் தூக்கி, விரிப்பின் நுனியை உள்ளே செருகி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள் ரோவீனா. ஒரு சுருக்கம் இருந்தாலும் உருவிவிட்டு முதலிலிருந்து விரிக்க வேண்டும். அது அவளுடைய சொந்தக் கட்டில். ஒரு வாரம் அதில் படுக்கப்போவது பெர்த்திலிருந்து வரும் யாரோ.

அவள் அந்த வீட்டில் வருடத்தில் பத்து மாதம் வாடகைக்குக் குடியிருப்பவள். டிசம்பர் நடுவில் துணிமணிகளைக் கொட்டகையில் பூட்டிவிட்டு, கணவன் கெல்வினோடு, சக்கர வீடுகள் நிற்கும் கேரவன் மைதானத்துக்குப் போய்விடுவாள். திராட்சைத் தோட்டமும் கடலும் பார்க்க வருகிறவர்களுக்கு வீடு வேண்டுமே. ஆஸ்திரேலியாவின் இந்த மேற்குக் கரையில் எங்களில் பாதிப் பேருக்குக் கோடை என்றால் இதுதான். பிப்ரவரியில் திரும்பலாம். அதுவரை சனிக்கிழமைதோறும் ஒரு கும்பல் காலி செய்தபின், அடுத்தது வருவதற்குள் வீட்டைத் துடைத்து வைப்பதும் அவள்தான்.

இந்த வருடம் வீட்டுக்காரர் ஸ்டூவர்ட் போனில் ஒரு சேதி சொல்லியிருந்தார்.

"வந்தவங்க நெட்டுல எழுதினதப் பாத்தியா, ரோவீனா? 'யாரோ ஆசையா வாழ்ற வீடு மாதிரி இருக்கு'ன்னு போட்டிருக்காங்க. இன்னும் ஒருத்தர் இப்படி எழுதட்டும், வருஷம் பூரா வர்றவங்களுக்கே விட்டுடப் போறேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, கவலப்படாத."

வேலைக்கு ஒன்றும் ஆகாது. வீடு போய்விடும். வேலையைக் கெடுக்கவும் அவளுக்குக் கை வரவில்லை. போன வாரம் குளியலறைக் கண்ணாடியில் உப்புக்கறையை வேண்டுமென்றே விட்டுவிட்டு வாசல்வரை போனாள். திரும்பி வந்து வினிகர் போட்டுத் துடைத்தாள்.

"நீ எதையும் கெடுக்க வேணாம்," என்றான் கெல்வின், துடைப்பத்தையும் வாளியையும் வண்டிக்கு எடுத்துக்கொண்டே. "ஜன்னல் சமாச்சாரத்த மட்டும் சொல்லாம இரு."

அங்கே காலையில் கிழக்கிலிருந்து அனல் அடிக்கும். வீட்டை மூடி வைக்க வேண்டும். மதியத்துக்குமேல் கடல்காற்று வரும். அதை நாங்கள் டாக்டர் என்போம். அப்போது மேற்கு ஜன்னலைத் திறந்தால் பத்தே நிமிடத்தில் வீடு குளிர்ந்துவிடும். முன்பெல்லாம் ரோவீனா ஒரு சீட்டு எழுதி வைப்பாள்: 'டாக்டர் இரண்டு மணிக்கு வருவார். மேற்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.' சிட்னியிலிருந்து வந்த ஒரு அம்மாள் ஸ்டூவர்டுக்குப் போன் போட்டு, "நாங்க நல்லாத்தான் இருக்கோம், அவர வர வேணாம்னு சொல்லிடுங்க. அதுவும் ஜன்னல் வழியா!" என்றாளாம். அதிலிருந்து சீட்டு கிடையாது. நேரில் சொல்வாள்.

"வெந்து சாகட்டும்," என்றான் கெல்வின். "'அடுப்புக்குள்ள இருந்தோம்'னு எழுதட்டும். ஸ்டூவர்ட் தன்னால வழிக்கு வருவான்."

"அது ஏமாத்து வேலை இல்லையா?"

"நீ வாயவே தொறக்கப் போறதில்ல. அதுல எங்க ஏமாத்து?"

அவள் தலையணையைத் தட்டி வைத்தாள். "சரி," என்றாள்.

ஒன்றே முக்காலுக்கே வந்துவிட்டார்கள், புருஷனும் பெண்டாட்டியும். அவன் நுழைந்த வேகத்தில் கிழக்கு ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டான். செம்மண் புழுதியோடு அனல் உள்ளே வந்தது.

"என்னங்க இது, சூளை மாதிரி! படத்துல பாத்தது வேற. வீடு கட்டத் தெரியாதவன் எவனோ கட்டியிருக்கான்."

வாசலில் நின்ற கெல்வின் ரோவீனாவைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க இங்கதான் குடியிருப்பீங்கன்னு சொன்னாங்க," என்றாள் வந்தவள், பாவப்பட்டு. "எப்படித்தான் காலம் தள்ளுறீங்களோ!"

"நல்லாத்தான் இருக்கோம்."

ரோவீனா விறுவிறுவென்று போய்க் கிழக்கு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். கெல்வின் கண்ணை மூடிக்கொண்டான்.

"இங்க வாங்க ரெண்டு பேரும். இந்தத் தாழ்ப்பாள இழுக்கக் கூடாது. தூக்கி, இடது பக்கம் தள்ளணும். காலைல கிழக்கத் தொறக்கவே கூடாது. மத்தியானத்துக்கு மேல இது ஒண்ணு போதும்."

மணி சரியாக இரண்டு. மேற்கு ஜன்னல் திறந்தது. திரைச்சீலை புடைத்து எழுந்தது. வந்தவன் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு அப்படியே நின்றான்.

"அடேயப்பா! இத எழுதி வைக்கலாமே?"

"வச்சேன். வேற தொந்தரவு வந்துச்சு."

"நான் எழுதறேன்," என்று அந்தப் பெண் கைப்பேசியை எடுத்தாள். "இந்த வீடு எவ்வளவு நல்லாருக்குன்னு இன்னிக்கே நெட்டுல எழுதிடறேன்."

ரோவீனா மேசை மேலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, அந்தப் பெண் நீட்டிய கையில் வைத்தாள்.