அந்தோனிமுத்துவின் கோட்டும் குணசேகரத்தின் வாயும்

டென்மார்க்கின் பிராண்டேயில் குணசேகரத்தைத் தெரியாத தமிழர் இல்லை. காற்றாலைக்கு இறகு செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருட வேலை. கலியாணவீடு என்றால் மண்டபத்தில் கதிரை அடுக்க முதலில் வந்து நிற்பார். செத்தவீடு என்றால் யாரை எந்தக் காரில் ஏற்றுவது என்று அவர்தான் ஒழுங்குசெய்வார். நல்ல மனிதர், வாய்தான் நீளம். காலையில் ஒரு கதையைக் கேட்டால் மத்தியானத்துக்குள் அதற்குக் கை கால் முளைத்திருக்கும். இது அவருடைய மனைவி ராசமலரே சொல்கிற குறை.

போன ஈஸ்டர் லீவுக்கு மகள் கிருசாந்தி கோபன்ஹேகனுக்குப் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து வந்தாள். உடுப்பு வடிவமைக்கும் கொம்பனி ஒன்றில் அவளுக்கு வேலை. வாசலில் அவளைக் கண்டதும் குணசேகரத்துக்குப் பகீரென்றது. மங்கிய மண்ணிறத்தில் முழங்காலுக்குக் கீழே இறங்கும் கோட், தோளில் இரண்டு பட்டி, இடுப்பில் இரும்பு வளையம் கோத்த பெல்ட்.

"என்ன பிள்ளை, ஆமிக்காரன்ர கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிக்கிறாய்?"

"ஓம் அப்பா, ஒரு காலத்தில ஆமிக்காரன்ரதான்" என்று சிரித்தாள். பிறகு பாதி டேனிஷிலும் பாதி தமிழிலுமாக விளக்கினாள். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிக்குள் நனைந்துகொண்டு கிடந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளுக்கென்று தைத்தது. தோள்பட்டி பதவிச் சின்னம் குத்த, வளையம் சாமான் கொளுவ. போர் முடிந்ததும் வீட்டுக்குப் போனவர்கள் மழைக்கு அதையே போட்டார்கள். பிறகு சினிமாக்காரர் போட்டார்கள், பிறகு கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள். இப்போது கோபன்ஹேகனில் சைக்கிளில் போகும் பெண்களில் பாதிப் பேர் இதற்குள்தான்.

"அப்ப, ஆமியில இல்லாதவனும் இதைப் போடுவானோ?"

"எண்பதுகளிலயே இங்க எத்தினை பேரின்ர அலுமாரியில இது தொங்கியிருக்கும் அப்பா" என்றாள் அவள்.

அன்று மத்தியானம் குணசேகரம் பாதிச் சோற்றை அப்படியே வைத்தார். வயிறு சரியில்லை என்று எழுந்துபோனார். சரியில்லாமல் போனது மனம்.

எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில், டென்மார்க்குக்கு வந்த புதிதில், கடற்கரையோரப் பழைய விடுதி ஒன்றில் அகதி முகாம். ஊரில் ஆமி ஜீப்புக்குள் முகத்தை மூடிக்கொண்டிருந்து, வரிசையில் நிற்கும் பெடியன்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக் காட்டிக்கொடுக்கிறவனைத் தலையாட்டி என்போம். அந்தப் பயம் தெளியாத கூட்டம் அது. ஒருநாள் அந்தோனிமுத்து என்பவர் இதே மாதிரிக் கோட்டோடு சாப்பிட வந்தார். "இப்படியொரு கோட்டோட ஒருத்தனை ஊரில ஆமி ஜீப்பில கண்டனான்" என்று குணசேகரம் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் சொன்னார். அவர் அப்படி யாரையும் கண்டதில்லை. உயரமும் இதேதானோ என்று அவர்கள் கேட்டபோது அதற்கும் ஓம் என்றார். இருபத்தாறு வயதில், நாலு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

அடுத்த கிழமையிலிருந்து அந்தோனிமுத்துவின் மேசையில் யாரும் இருக்கவில்லை. ஊரில் பேசியிருந்த கலியாணமும் குழம்பியது. கதை கேட்ட இருவரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். யார் தொடங்கிய கதை என்று ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. கோட் ஆமிக் கோட்தானே, நெருப்பில்லாமல் புகையுமா என்று முப்பத்தெட்டு வருடமாகக் குணசேகரம் தன்னைச் சமாதானப்படுத்தி வந்திருக்கிறார். அந்தச் சமாதானத்தைத்தான் மகள் வாசலில் நின்றபடியே பிடுங்கிவிட்டாள்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போனார். அங்கே அந்தோனிமுத்து தனியாக இருக்கிறார், ஓய்வூதியக்காரர். "வா குணம், வா" என்று முகமெல்லாம் மலர்ந்து, தேத்தண்ணீர் ஊற்றினார். அந்த வரவேற்பு குணசேகரத்தை இன்னும் கூசவைத்தது.

"அண்ணை, முகாமில ஒரு கோட் வச்சிருந்தனீங்கள்..."

"அதை ஏன் கேக்கிறாய்? சனம் குடுத்த உடுப்புக் குவியலுக்குள்ள எடுத்தது. மழைக்கு வேற ஒண்டும் எனக்கு அளவில்லை." அந்தோனிமுத்துவின் முகம் மாறியது. "என்னைத் தலையாட்டி எண்டு கதை கட்டினதுக்குத்தான் ஞானரட்ணத்தோட உறவையே வெட்டிவிட்டனான். முகாமில என்ர ஊரவன் அவன் ஒருத்தன்தான். ஊரில கண்டதெண்டு அவன் சொல்லாட்டி ஆர் நம்புவினம்? இந்த மாசியிலதான் செத்தான், அந்தச் செத்தவீட்டுக்கும் போகேல்லை."

குணசேகரம் கோப்பையைக் கீழே வைத்தார். செத்தவர் மேல் பழி கிடக்கிறது, அவர் எழுந்துவந்து மறுக்கப்போவதில்லை. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தவழியே போயிருக்கலாம். அந்த ஆசை வந்ததை நினைத்து அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அண்ணை, அது ஞானம் இல்லை. நான்."

ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அந்தோனிமுத்து ஏசவில்லை. "வருசா வருசம் நத்தார்ப் பண்டிகைக்கு வந்து கதவு தட்டினவன் ஞானம். நான் உள்ளுக்க இருந்துகொண்டு திறக்கேல்லை" என்றார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"அது பிறகு. செத்தவீடு முடிஞ்ச கையோட அவன்ர மனிசி அஜந்தினி வந்தவள். 'அவர் செய்ததுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன்' எண்டு நீ இருக்கிற கதிரையில இருந்துதான் அழுதவள். நானும் மன்னிச்சிட்டன் எண்டு சொல்லி அனுப்பினனான்." எழுந்து காலில் சப்பாத்தைக் கொளுவினார். "அவளின்ர வீடு ரெண்டு தெருதான். நட. நீயே சொல்லு."

அஜந்தினி கதவைத் திறந்தாள். கதிரையில் இருக்க மனமில்லாமல், கூடத்தில் நின்றபடியே குணசேகரம் சொல்லிமுடித்தார்.

அவள் அவரைப் பார்க்கவேயில்லை. மேசைமேல் இருந்த புருசனின் படத்தைக் கையில் எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியிலயும் சொன்னவர், நான் இல்லை அஜந்தினி எண்டு" என்றாள். "கடைசி நேரத்திலயாவது உண்மையைச் சொல்லுங்கோவன் எண்டு நான் அவரோட கோவிச்சனான்."