பன்னிரண்டு பச்சை வில்லைகள்

கடலடிக்குச் செல்பவர்களுக்கு மூச்சுக் காற்றை நிரப்பிக் கொடுப்பவனை, அந்தக் காற்று தீரும் வரையில் எவரும் நினைப்பதில்லை. பண்டமாரான் வாழ் வேலாயுதம் மகன் இராமலிங்கமாகிய நான், அகவை எழுபத்தொன்று நிறைந்தவன், மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டும் நூல்களையே ஆசானாகக் கொண்டு எழுதக் கற்றவன், இவற்றை என் கைப்பட வரைகிறேன். துறைமுகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், தொண்ணூறுகளில், கேப்டன் செல்வாவின் டைவிங் படகில் கம்ப்ரெசர் இயக்குபவனாக இருந்தேன். பிறர் உயிருக்குக் கணக்கு வைக்கும் வேலையில் அகப்பட்டு, அவர்களிடமே ஏச்சும் வாங்கிய அன்பர்களே, உங்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

நீந்தத் தெரியாதவன்

எங்கள் படகு வெள்ளி மாலை போர்ட் கிள்ளானில் கயிறு அவிழ்க்கும். மூன்று நாள் உணவும் உறக்கமும் அதிலேயே. மலாக்கா நீரிணையின் நடுவே ஜாராக் தீவருகே நீரோட்டம் ஆறு போல் இழுக்கும். சுறாவும் சீலா மீன் கூட்டமும் அங்கேதான் திரளும் என்பதால், கோலாலம்பூர்க் கனவான்கள் அந்த இழுப்பையே தேடி வருவார்கள்.

பன்னிரண்டு பேர் இறங்கினால் பன்னிரண்டு பேரும் ஏறினார்களா என்பதை அறிய முன்பு எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. நான்தான் ஒரு பலகையை இழைத்து, ஆளுக்கொன்றாகப் பன்னிரண்டு மர வில்லைகளை ஆணியில் மாட்டி, ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் பச்சையும் தீட்டினேன். இறங்கும்போது சிவப்பு, ஏறியபின் பச்சை. அவரவர் வில்லையை அவரவர் கையாலேயே திருப்ப வேண்டும் என்பது என் விதி. இவ்விதியை முதன்முதலாக விளக்கிய அன்று, பிரிக்பீல்ட்ஸைச் சேர்ந்த வழக்கறிஞர் பாலன், எனக்கு நீந்தத் தெரியுமா என்று வினவினார். தெரியாது என்று மறைக்காமல் கூறினேன். அவர் நண்பர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நீச்சல் தெரியாதவரு நமக்கு ரூல்ஸ் போடறாரு, பாத்துக்குங்க லா."

நெத்திலிக் காற்று

கம்ப்ரெசர், சுற்றியுள்ள காற்றை உறிஞ்சியே டேங்குகளில் அடைக்கும். அது ஓடும் வேளையில் அடுப்பில் தாளிக்கக் கூடாது என்று சமையற்காரர் மாரியிடம் பலமுறை சொல்லியிருந்தேன். அவர் கேட்டாரில்லை. ஒருநாள் நெத்திலிச் சம்பலை வதக்கத் தொடங்கினார். புகை நேரே உறிஞ்சு குழாய்க்குள் சென்றது. நான் உடனே கம்ப்ரெசரை நிறுத்தினேன். ஆயினும் ஒரு டேங்க் நிரம்பிவிட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அது என் பிழை, அதனை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த டேங்கோடு இறங்கியவர், கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கும் ஜோசப். பாலனின் டைவிங் கூட்டாளி, சாதுவான மனிதர். அவர் புன்னகை மாறாமல் ஏறி வந்தார். குழாயை அடுப்புப் புகை எட்டாத உயரத்துக்கு அன்றே மாற்றிக் கட்டினேன். மாரியோ அன்று முதல் என்னோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார். ஜோசப் மட்டும் தட்டை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்து சொன்னார்: "அறுபதடி ஆழத்துல வாசம் பாத்துட்டேன் அங்கிள், ருசி எப்படின்னு மேலதான் பாக்கணும்."

திமிங்கலச் சுறா வந்த காலை

ஒரு சனிக்கிழமைக் காலை, உடலெங்கும் வெண்புள்ளிகளோடு ஒரு திமிங்கலச் சுறா படகை உரசுவது போல் வந்தது. பேருந்து நீளம் இருக்கும். அது மனிதரைத் தீண்டாது என்பதை அறிந்த பயணிகள், கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு குதித்தனர். ஒருவரேனும் வில்லையைத் திருப்பவில்லை. பன்னிரண்டும் பச்சையாகவே தொங்க, கடலிலோ எத்தனை பேர் என்று எவருக்கும் தெரியாது.

நான் கூவியதை எவரும் செவிமடுக்கவில்லை. திரும்பி ஏறியபின் ஒவ்வொருவரையும் பலகை முன் நிறுத்திக் கண்டித்தேன். பலகை முழுதும் பச்சையாகாமல் எஞ்சினைத் தொடுவதில்லை என்று கேப்டனும் அன்று எனக்கு வாக்களித்தார். பாலன் தலையைத் துவட்டியபடியே என்னைக் கடந்து போனார்: "சுறா காத்திருக்காது அங்கிள், உங்க பலகைதான் காத்திருக்கும்."

பதினோரு டேங்க்

அடுத்த மாதப் பயணத்தில், மதிய டைவ் முடிந்தபோது நீரோட்டம் மிகக் கடுமையாகிவிட்டது. பலகையைப் பார்த்த கேப்டன், பன்னிரண்டும் பச்சை என்று கண்டு நங்கூரத்தைத் தூக்கப் போனார். நான் காற்று நிரப்புவதற்காக, ஆளுக்கொன்றாக இறங்கிய டேங்குகளின் வாயைத் தொட்டு எண்ணினேன். பதினொன்று. மீண்டும் எண்ணினேன். பதினொன்றேதான்.

எஞ்சினை இயக்கவேண்டாம் என்றேன். ஓட்டம் படகைப் பாறையில் தள்ளிவிடும் என்றும், நானே செய்த பலகையை நானே நம்பாவிட்டால் எப்படி என்றும் கேப்டன் சினந்தார். பலகை பொய் சொல்லலாம், டேங்க் சொல்லாது என்று கூறி, நங்கூரச் சங்கிலியின் மீதே அமர்ந்துகொண்டேன். வேறு வழியின்றி அறை அறையாக ஆட்களை எண்ணினார்கள். பாலன் வாந்தி மயக்கத்தில் படுத்திருந்தார். ஜோசப்பைத்தான் எங்கும் காணவில்லை.

சிறு படகை இறக்கித் தேடினோம். முக்கால் மணி நேரம் கழித்து, அரை மைல் தொலைவில், ஜோசப் காற்றூதி உயர்த்திப் பிடித்திருந்த ஆரஞ்சு நிற அடையாளப் பை தென்பட்டது. படகோரக் கயிற்றைப் பற்றியிருந்த அவரது கை ஓட்டத்தில் நழுவிவிட்டதாம். அவரைத் தூக்கிப் போட்டதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "எஞ்சின் சத்தம் கேக்காத வரைக்கும் யாரோ என்னை எண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு நெனைச்சே மிதந்தேன் அங்கிள்."

வக்கீலின் கடிதம்

அதன்பின்தான் என் நெஞ்சு கொதித்தது. ஒரு வாரத்தில் பாலனிடமிருந்து கேப்டனுக்குத் தட்டச்சு செய்த கடிதம் வந்தது. ஜோசப்பின் வில்லையைக் கம்ப்ரெசர்க்காரக் கிழவர்தான் அவசரத்தில் திருப்பியிருக்கவேண்டும், அவரைப் படகிலிருந்து நீக்கவேண்டும் என்று எழுதியிருந்தார். முப்பதாண்டுகள் துறைமுகத்தில் ஒரு மூட்டையைக்கூட எண்ணத் தவறாதவன் மீது, ஒரு மனிதனைத் தவறவிட்ட பழி! கேப்டனும் என்னை நிமிர்ந்து பார்க்காமல், விசாரித்துச் சொல்வதாக முணுமுணுத்தார்.

விசாரணை போர்ட் கிள்ளான் அலுவலகத்தில் நடந்தது. பாலன் சட்டம் பேசினார். ஜோசப், தாம் நீரில் கிடந்ததால் யார் திருப்பியது என்று தெரியாது என்றார். அப்போது, ஆறு மாதமாக என்னோடு பேசாத மாரி, துறையில் கட்டியிருந்த படகிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். படகில் அவரது அடுப்பங்கரைச் சன்னல் பலகைக்கு நேரெதிரே உள்ளது. "பெரியவரு என் சம்பலையே பக்கத்துல விடமாட்டாரு, அடுத்தவன் வில்லையையா தொடுவாரு? வக்கீல் சார்தான் தன்னோடதையும் திருப்பி, பக்கத்துல இருந்த ஜோசப் சாரோடதையும் திருப்பினாரு. வெங்காயம் நறுக்கிக்கிட்டே பாத்தேன், பாஸ்."

ஜோசப் தம் பின்னாலேயே கயிற்றைப் பிடித்திருந்ததாகவும், ஏறிவிடுவார் என்றே நினைத்ததாகவும் பாலன் மெல்லச் சொன்னார். கடைசியில் என்னிடம் திரும்பினார்: "கூட்டாளிக்கு உதவியா இருக்கட்டும்னு திருப்பினேன் அங்கிள்."

கடலில் சுறாவுக்கும் நீரோட்டத்துக்கும் தப்பலாம், உதவி செய்பவரிடமிருந்து தப்புவதே அரிது என்பது என் அனுபவம். இனி இராமலிங்கம் டேங்குகளை எண்ணித் தலையசைத்தால்தான் எஞ்சின் ஓடும் என்று கேப்டன் செல்வா பலகையின் மேல் எழுதிக் கையெழுத்திட்ட நாள், அவ்வாண்டுத் தீபாவளிக்கு முந்திய திங்கட்கிழமை.