ஆடுகள் மெல்வதை நிறுத்திய ஞாயிறுகள்

பாசுமதி அரிசி வேகிற வாசனை...
ஆனால் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, மாமா லீவில் வரும் ஞாயிறுகளில் கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி சந்து இப்படித்தான் மணக்கும். மிளகுக் கிடங்கு வாசலில் படுத்திருக்கும் ஆடுகள் மெல்வதை நிறுத்திவிடும். வாயில் பாதி இலை தொங்க, சந்து முனையையே பார்க்கும்.
பிறகுதான் மாமா வருவார்.

அந்த ஆடுகள் பிறந்ததிலிருந்து புலியைப் பார்த்ததில்லை.

அம்மாவின் தம்பியான மாமாவுக்கு உயிரியல் பூங்காவில் புலிகளைப் பராமரிக்கும் வேலை. அந்த வருடம் ஒரு தாய்ப்புலி தன் ஒரே குட்டியை ஒதுக்கிவிட்டது. மாமாதான் புட்டிப்பால் கொடுத்தார். தாயின் வாடை குட்டியை விட்டுப் போய்விடக் கூடாது என்று, தாய் படுத்த வைக்கோலைக் குட்டியின் மேலும் தன் சட்டையிலும் தேய்த்துக்கொள்வார். புலி பீய்ச்சி எல்லை குறிக்கும் நீருக்குப் பாசுமதி மணம் உண்டு என்று பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன்.

கிடங்கில் மூட்டை தூக்கும் சேட்டன் கேட்பார்: "வீட்டுல இன்னைக்கு பிரியாணியா? எனக்கும் ஒரு ப்ளேட், கேட்டோ!"
"இந்த பிரியாணி உங்களைத்தான் சாப்பிடும் சேட்டா!" என்று மாமா சிரிப்பார்.

ஒரு ஞாயிறு மாமா சிரிக்கவில்லை.
"இந்த வாரம் தாய்க்கும் குட்டிக்கும் நடுவுல இருக்கற கம்பிக் கதவைத் திறக்கப் போறோம். புலியோட வளராத புலிக்கு, நாளைக்குத் தன் குட்டியை வளர்க்கத் தெரியாது. இருக்கறதே கொஞ்சம் புலிதான். தாய் சேர்த்துக்கிட்டா நல்லது. இல்லேன்னா..."
முடிக்காமல் ஆடுகளைப் பார்த்தார். அவை அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அடுத்த ஞாயிறு வாசனை இல்லை. ஆடுகள் நிம்மதியாக மென்றுகொண்டிருந்தன. மாமா வந்ததும் ஒன்று அவர் பையைக் கடித்து இழுத்தது.

"மாமா... குட்டி?"

"முதல்ல இந்த ஆட்டை விரட்டுடி." பிறகு மெதுவாக, "தாய் குட்டியை நக்கிட்டா. கழுத்தைக் கவ்வித் தூக்கிட்டு உள்ள போயிட்டா. இனிமே நான் தொடக் கூடாது. கேமராவுல பாக்கறதோட சரி."

சிரித்தார். ஆனால் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்... வெறும் சோப்பு வாசனை.

இப்போது நான் பிளஸ் ஒன். குட்டி வளர்ந்து, ஜோடி சேர வேறொரு பூங்காவுக்குப் போய்விட்டது. மாமா வந்தால் ஆடுகள் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

சில ஞாயிறுகளில் சந்தில் பாசுமதி மணக்கும். யார் வீட்டு ஜன்னல் என்று நான் தேடுவதில்லை. முதலில் ஆடுகளைத்தான் பார்க்கிறேன்.

மென்றுகொண்டுதான் இருக்கின்றன.
வெறும் சோறுதான்...