ஓர் ‘அழகா’வுக்கு இரண்டு இங்கிலீஷ்

போன வாரம் ஐந்தாம் வகுப்பில், ‘என் அம்மா’ என்ற தலைப்பில் ஆளுக்கொரு இங்கிலீஷ் வாக்கியம் சொல்லச் சொன்னேன். ஒருத்தன், அம்மா இட்லி சுடுகிறாள் என்றான். ஒருத்தி, அம்மா தினமும் அடிக்கிறாள் என்றாள். இரண்டும் இலக்கண சுத்தம்!

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

“மை மதர் இஸ் பியூட்டிஃபுல்லி.”

யாரும் சிரிக்கவில்லை. அது தப்பு என்று தெரிந்தால்தானே சிரிப்பார்கள்?

“பியூட்டிஃபுல்னு மட்டும் சொல்லும்மா. கடைசியில இருக்கிற அந்த ‘லி’யை எடுத்துடு” என்றேன்.

“ஏன் சார்?” என்றாள்.

எழுந்து நின்றவள் என் மகள் ஷீலா. பள்ளிக்கூடத்தில் நான் அவளுக்கு சார்தான். அவள் கேட்ட அந்த ‘ஏன்’ இருக்கிறதே... அதை இதே மாதிரி, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, அவளுடைய அம்மா என்னிடம் கேட்டிருக்கிறாள். வகுப்பு முடிகிறவரை நான் சரியாகப் பாடம் நடத்தவில்லை என்பதைத் தலைமை ஆசிரியரிடம் யாரும் போட்டுக்கொடுக்க வேண்டாம்.

என் மனைவி எஸ்தர் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள் என்று இந்தப் பத்திரிகைப் பத்தியில் முன்பே போகிற போக்கில் சொல்லியிருக்கிறேன். எப்படிப் போனாள் என்று சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தொன்றோ, எழுபத்திரண்டோ. பொழிச்சலூரில் வாடகை வீடு. எனக்குப் பம்மலில் வாத்தியார் வேலை. எஸ்தருக்குத் தாம்பரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், காச நோயாளிகள் வார்டில் நர்ஸ் வேலை. ஷீலாவுக்கு அப்போது நான்கு வயது. கணவரை இழந்த என் அக்கா ஞானம் எங்களோடுதான் இருந்தாள். இப்போதும் இருக்கிறாள்.

ஒரு சாயங்காலம் எஸ்தர் டூட்டி முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

“ஏங்க, இங்கிலாந்து ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுக்கறாங்களாம். எழுதிப் போடட்டுமா?”

நான் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “அங்க என்னம்மா இருக்கு, இங்க இல்லாதது?”

“ஹார்ட் ஆபரேஷன் வார்டு இருக்கு அக்கா. அதுல நிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. இங்க ட்ரெயினிங்ல படிச்சதையேதான் திருப்பித் திருப்பிப் பண்ணிட்டிருக்கேன்.”

அக்கா முறத்தில் இருந்த அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள். பிறகு, “சரி, போ. புள்ளைய நான் பாத்துக்கறேன்” என்றாள். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் எல்லாம் கல் பொறுக்குகிற நேரத்தில் எடுக்கப்பட்டுவிடும்.

சரி, என்னை யாராவது கேட்டார்களா? கேட்டாள். எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள். ஹார்ட் வார்டு என்று சொன்னபோது அவள் கண்ணில் தெரிந்த வெளிச்சத்தை நானும் பார்த்திருந்தேன். அதை ஊதி அணைக்க எந்த முட்டாளுக்கு மனசு வரும்? “எழுதிப் போடு” என்றேன்.

ஒரே ஒரு சிக்கல். நேர்முகத் தேர்வு முழுக்க இங்கிலீஷில். எஸ்தருக்கு வார்டு இங்கிலீஷ் சரளமாக வரும். இலக்கணம்தான் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். “பேஷன்ட் இஸ் ஸ்லீப்பிங் பீஸ்ஃபுல்” என்பாள். “பல்ஸ் இஸ் நார்மலி” என்பாள். லி வேண்டிய இடத்தில் இருக்காது. வேண்டாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தப்பு அவள் மேல் இல்லை. நம் தமிழைப் பாருங்கள். ‘அழகா இருக்கா’ என்கிறோம். ‘அழகா பாடறா’ என்கிறோம். இரண்டுக்கும் அதே ‘அழகா’தான். இங்கிலீஷ்காரன் அப்படி விடமாட்டான். அழகாக இருந்தால் பியூட்டிஃபுல். அழகாகப் பாடினால் பியூட்டிஃபுல்லி. ஆளைப் பற்றிச் சொன்னால் ஒரு சொல். ஆள் செய்கிற வேலையைப் பற்றிச் சொன்னால் வால் முளைத்த இன்னொரு சொல்.

காலையில் இருவரும் பம்மல் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போவோம். அதுதான் எங்கள் வகுப்பறை.

“தமிழ்ல முதல்ல யோசி. ‘இருக்கு’ன்னு முடிஞ்சா லி வேண்டாம். வேற ஏதாவது வேலை செஞ்சா லி போடு” என்று சுலபமாக ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன்.

“நோயாளி அமைதியா இருக்கார்... பீஸ்ஃபுல். அமைதியா தூங்கறார்... பீஸ்ஃபுல்லி. இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“அப்ப நல்லா இருக்குன்னா குட். நல்லா வேலை செய்யறான்னா... குட்லியா?”

“இல்ல. அதுக்கு மட்டும் வெல்.”

“ஏன், அது மட்டும் பேரையே மாத்திக்குது?”

“கல்யாணம் ஆனா நீங்க மாத்திக்கறதில்லையா, அந்த மாதிரின்னு வெச்சுக்கோ.”

“நல்ல வாத்தியார்!” என்று முறைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு ‘வெல்’லை அவள் மறக்கவே இல்லை.

பம்மலை நெருங்க நெருங்கத் தோல் பதனிடும் கம்பெனிகளின் வாடை வரும். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எஸ்தர் சொன்னாள்.

“இட் ஸ்மெல்ஸ் பேட்லி.”

“பேட்லி இல்ல. இட் ஸ்மெல்ஸ் பேட்.”

“ஏன்?” புருவம் சுருங்கியது. “மோசமா நாறுது. நாறுறது ஒரு வேலைதானே? நீங்கதானே சொன்னீங்க, வேலை செஞ்சா லி போடுன்னு?”

எனக்கு வேர்த்துவிட்டது. நான் சொல்லிக் கொடுத்த வழியில் இருந்த பள்ளத்தில் என்னையே தள்ளிவிட்டாளே!

“சில சொல்லு பாக்க வேலை செய்யற மாதிரி இருக்கும். ஆனா செய்யாது. ஸ்மெல், லுக், ஃபீல்... இதெல்லாம் வேஷம் போட்டுட்டு வந்த ‘இருக்கு’. நாத்தம் மோசமா இருக்குன்னுதான் அர்த்தம். நீ பேட்லின்னு சொன்னா, இந்தக் கம்பெனிக்கு மோந்து பாக்கவே சரியா வரலைன்னு ஆயிடும்.”

“கம்பெனிக்கு மூக்கு அடைச்சிருக்குன்னா?”

“ஆமா. சளி.”

அவ்வளவுதான். நடுரோட்டில் நின்று சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானை நழுவியது, நாற்றம் மறந்தது, பை கையிலிருந்து விழுந்தது. கம்பெனிக்குள் போய்க்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி எங்களையே பார்த்தார்.

“இன்னா வாத்தியாரே, இந்த நாத்தத்துல நிண்ணுகினு சிரிக்கிறீங்கோ! இன்னா கீது இங்க?”

என்னவென்று சொல்வது? பஸ் வந்து, போய், அடுத்த பஸ்ஸும் வந்துவிட்டது. அன்றைக்கு இருவரும் வேலைக்கு லேட். அந்த வழியாக இப்போதும் தினம் நடக்கிறேன். எல்லோரும் மூக்கை மூடுகிற இடத்தில் நான் மட்டும் கொஞ்சம் மெதுவாக நடப்பேன்.

நேர்முகத் தேர்வு எழும்பூரில் ஓர் ஓட்டலில். அங்கே வந்திருந்த வெள்ளைக்கார மேட்ரன், அதாவது தலைமை நர்ஸ்தான் கேள்வி கேட்டாராம். நான் வெளியே வேப்பமர நிழலில் நின்றேன். எஸ்தர் வெளியே வந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. நேராக ஸ்டேஷனுக்கு நடந்தாள். மின்சார ரயிலில் உட்கார்ந்து, வண்டி நகர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“எடுத்துட்டாங்க.”

“நிஜமாவா?”

“கடைசியா ஒரு கேள்வி கேட்டாங்க. ‘ஹௌ டு யூ ஃபீல் அபௌட் லீவிங் யுவர் சைல்ட்?’ குழந்தையை விட்டுட்டு வர்றது உனக்கு எப்படி இருக்குன்னு.”

“என்ன சொன்னே?”

“ஐ ஃபீல் பேட், மேடம். பட் ஐ வில் வொர்க் வெல்.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ஃபீல் வந்ததால பேட்லி போடல. வொர்க் வந்ததால குட் போடல. கரெக்ட்தானே?”

“கரெக்ட்” என்றேன்.

கரெக்ட்தான். நூற்றுக்கு நூறு. எந்த எழுத்துப் பரீட்சையிலும் அதைவிடச் சரியான இரண்டு வாக்கியங்களை நான் திருத்தியதில்லை. மாம்பலம் போயிற்று. சைதாப்பேட்டை போயிற்று. பரங்கிமலை வரும்போதுதான் அந்த வாக்கியத்தில் லி இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டு, அதில் என்ன இருக்கிறது என்பது என் காதில் விழுந்தது.

“எஸ்தர்... ரொம்ப மோசமாவா இருக்கு?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ம்.”

“வேண்டாம்னா விட்டுடலாம்.”

“போகணும்னுதான் இருக்கு. மோசமாவும் இருக்கு. ரெண்டும் இருக்குங்க.” மறுபடி என் பக்கம் திரும்பினாள். “இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?”

பல்லாவரம் வந்துவிட்டது. இறங்கிப் பஸ் பிடித்தோம்.

அவள் புறப்பட்ட அன்று மீனம்பாக்கத்தில் நல்ல வெயில். அக்கா இடுப்பில் ஷீலா. எத்தனையோ சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்.

“பத்திரமா போ. பத்திரமா இரு.”

எஸ்தர் அழுதுகொண்டே சிரித்தாள். “முதல்ல சொன்னது சேஃப்லி. ரெண்டாவது சேஃப்” என்றாள்.

எந்த வாத்தியாருக்காவது இப்படி ஒரு மாணவி கிடைத்திருப்பாளா? கிடைத்தவளை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்தேன். பொழிச்சலூரில் தலைக்கு மேலேயேதான் விமானங்கள் இறங்கும், ஏறும். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்குப் பேச்சை நிறுத்துவோம். அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். அவள் போன பிறகு, சத்தம் போனாலும் விட்ட இடம் ஞாபகம் வருவதில்லை.

அவள் ஆசைப்பட்ட ஹார்ட் வார்டிலேயே நிற்கிறாள். அதில் எனக்கு இருக்கிற பெருமையை அளக்க இங்கே இடம் போதாது. போன வருஷம்தான் முதல் தடவையாக ஒரு மாத லீவில் வந்தாள்.

வந்ததும் வராததுமாக என் தலையில் ஒரு குண்டைப் போட்டாள்.

“அங்க பாதிப் பேர் லி போடறதே இல்லீங்க. ‘கம் குவிக்’னுதான் கூப்பிடறாங்க. ரோட்டுலயே பெரிசா ‘ஸ்லோ’ன்னு எழுதி வெச்சிருக்கான். ஸ்லோலி இல்ல, ஸ்லோ!”

அடப்பாவிகளா! நாங்கள் இங்கே பிரம்பை வைத்துக்கொண்டு காவல் காக்கிறோம். வீட்டுக்காரன் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிறான்.

அது போகட்டும். வேறொன்றுதான் அவளை வாட்டியது. ஷீலா அத்தையிடம் பேசும்போது, “அத்தை, நீ வந்து தலை பின்னு” என்பாள். என்னிடமும் வீட்டில் ‘நீ’தான். அம்மாவிடம் மட்டும், “நீங்க உக்காருங்க. நான் எடுத்துக்கறேன்” என்பாள். நல்ல மரியாதை. வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் பேசுகிற மரியாதை. பக்கத்து வீட்டு அம்மாள், “எவ்வளவு பதவிசா வளத்திருக்கீங்க” என்று பாராட்டினார். எஸ்தர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“அவளுக்கு என்மேல கோவமா?” என்று என்னிடம் கேட்டாள்.

“கோவம் இருந்தா நீன்னு சொல்லியிருப்பாளே” என்றேன்.

லீவு முடிகிற வாரம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, அக்கா மாவு அரைக்கக் கடைக்குப் போயிருந்தாள். எஸ்தர் சீப்பை எடுத்துக்கொண்டு ஷீலாவை உட்கார வைத்தாள். நான் சமையல்கட்டில் டிபன் பாக்ஸில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் முனகல் கேட்டது. பிறகு, “வலிக்குது.” பிறகு, “அத்தை இப்படிப் பின்ன மாட்டா.” எஸ்தர் ஏதோ சமாதானம் சொன்னாள். மறுபடியும் சிக்கில் சீப்பு மாட்டியிருக்க வேண்டும்.

“உனக்கு ஒண்ணும் தெரியல! நீ பின்ன வேணாம், போ!”

சரி, எஸ்தர் அழப்போகிறாள் என்று கரண்டியோடு ஓடினேன். எதிரே எஸ்தர் ஓடி வந்தாள். கையில் சீப்பு. கண்ணில் தண்ணீர். வாயெல்லாம் சிரிப்பு. பம்மல் ரோட்டில் பார்த்த அதே சிரிப்பு.

“ஏங்க, திட்டிட்டா! நீ போன்னு திட்டிட்டா!”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ‘நீங்க’ இல்லை. “நீ இதைத் தொடாதே”, “நீ ஏன் இப்படிப் பண்றே” என்று ஷீலா மிச்சமிருந்த நாளெல்லாம் அம்மாவை விரட்டிக்கொண்டே இருந்தாள். எஸ்தர் ஒவ்வொன்றையும் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டாள். மீனம்பாக்கத்தில் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, “அம்மா, நீ எப்ப வருவே?” என்று ஷீலா கத்தியபோது, கூட்டத்தில் எத்தனையோ அம்மாக்கள் இருந்தும் எஸ்தர் ஒருத்திதான் திரும்பினாள்.

அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிகிறது. வந்துவிடுவாள் என்றுதான் நானும் ஷீலாவும் அக்காவும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இங்கிலீஷில் ‘நீ’க்கும் ‘நீங்க’வுக்கும் சேர்த்து ஒரே ஒரு ‘யூ’தான் என்பது உங்களுக்குத் தெரியும். இப்படி ஒரு திட்டு வாங்க அந்த ஊர் அம்மாக்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை... பாவம்!